இப்பக் கேக்குதா, மாப்பிள்ளை?

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்நாளெல்லாம் அடுத்தவரைக் குழப்பியே பிழைத்தவர். இருட்டு அறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். வந்தவர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று விழிப்பார். "நிதானமாச் சொல்லுங்க, அவசரமில்ல" என்பார் இவர், இந்தச் சின்னக் கேள்விக்குக்கூடவா பதில் தெரியாது என்று உள்ளுக்குள் அலுத்துக்கொண்டே. அந்தப் பாவமெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து சுவர் அடைக்கிற ஜிப்சம் போர்டு கடையில் அவர் தலையில் விடிந்தது.

கடை என்றால் கடை இல்லை, பெரிய கிடங்கு. ஆள் உயரத்துக்கு மேல் போர்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை, ஒன்று ரோஸ், ஒன்று நீலம். கடைக்கார அம்மா காதில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்தார்.

"எந்த ரூமுக்கு சார்?"

"கராஜுக்கு."

"கார் நிக்குமா?"

"கார் நிக்காது. மாமனார் இருப்பாரு."

கடைக்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. இதற்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். மாமனாரைக் கொண்டுபோய்க் காரை நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும், போகட்டும். மாமனாரே அப்படி நினைத்துவிட்டால்?

"அதான் நல்லதா வேணும்," என்றார் அவசரமாக. "இருக்கறதுலயே நல்லது எது?"

"நல்லது கெட்டதுன்னு இல்ல சார். ஈரம் வர்ற இடம்னா பச்சை. நெருப்பு பயம்னா ரோஸ். சத்தம் வரக்கூடாதுன்னா நீலம். எதுவும் இல்லேன்னா வெள்ளை. ஆனா கலரை நம்பி வாங்காதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி கலரு மாறும். பின்னாடி என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க."

"அப்ப இந்தப் பச்சை பச்சை இல்லையா?"

"இந்தப் பச்சை பச்சைதான். அந்தக் கடைப் பச்சை பச்சையா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

கண்ணாடிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைக்கார அம்மா இரண்டு துண்டுகளை எடுத்துக் கையில் கொடுத்து, "இது கனமா இருக்கா, அது கனமா இருக்கா?" என்று கேட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. "நிதானமாச் சொல்லுங்க சார், அவசரமில்ல" என்றார் அந்த அம்மா.

விஷயம் இதுதான். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு நகரத்தின் மறுகோடியில் மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். முழங்கால் இரண்டும் மாடிப்படியோடு சண்டை போட ஆரம்பித்தன. "எங்களோட வந்துடுங்கப்பா" என்று ஒரே மகள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனாள். ஒருநாள் திடீரென்று அவரே போன் செய்து, "சரி பாப்பா, வரேன்" என்றார். என்ன மாயம் நடந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர் ஹால் சோபாவில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதையும் மகளிடம்தான் சொன்னார். "ரூம் எனக்குச் சரிப்பட்டா இருக்கேன். இல்லேன்னா முதியோர் இல்லத்துல பேர் கொடுத்து வெச்சிருக்கேன். யாரும் மனசு கஷ்டப்படக் கூடாது."

பாப்பா அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கண்ணாடிக்காரருக்கு அது கேட்டது. மனைவி அழுதால் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது. ரூமைச் சரிப்படுத்தியே தீருவது என்று அன்றே முடிவு செய்தார்.

கராஜ் வீட்டை ஒட்டினாற்போல் இருந்தது. வெளிச்சுவர்களுக்குப் பச்சை போர்டு என்பதில் சிக்கல் இல்லை, மழை பெய்தால் அந்தப் பக்கம் ஓதம் காக்கும். குழப்பமெல்லாம் ஹாலுக்கும் கராஜுக்கும் நடுவில் வரப்போகிற சுவரில்தான். அங்கே முன்பு அகலமான மரக்கதவு இருந்தது. அதை எடுத்துவிட்டு, தகரச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் போர்டு அறைந்து, ஓரத்தில் சின்னக் கதவு வைப்பதாக ஏற்பாடு. ஹாலில் பாப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள். எட்டாம் வாய்ப்பாட்டுக்கே வீடு அதிரும். மனுஷன் நிம்மதியாகக் கண்ணயர வேண்டாமா? நீலம்தான் சரி என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். இருந்தாலும் மாமனாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லா நிறத்திலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பினார்.

மாமனார் வந்தார். ஒவ்வொரு துண்டையும் எடுத்து நிறுத்தி, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். இன்ஜினில் எங்கே தட்டல் கேட்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்த மனுஷன் அல்லவா, தரம் பார்க்கிறார் என்று கண்ணாடிக்காரர் பெருமையாக நின்றார். மாமனார், "மாப்பிள்ளை இஷ்டம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுச் சோபாவுக்குப் போனார்.

மறுநாள் காலையில் பாப்பா காபி டம்ளரோடு சேதியும் கொண்டுவந்தாள்.

"என்னங்க, அப்பாவுக்கு நீலம் வேணாமாம்."

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? வேணாம்னாரு. நீங்களே கேளுங்களேன்."

"நான் எப்படிக் கேக்கறது?"

இதுதான் அந்த வீட்டின் கோளாறு. மாமனாரும் மாப்பிள்ளையும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவரையொருவர் மரியாதையிலேயே கொன்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே வந்தால் மாமனார் எழுந்திருப்பார், மாமனார் எழுந்தால் மாப்பிள்ளை உட்கார மாட்டார், இரண்டு பேரும் நின்றுகொண்டே டிவி பார்ப்பார்கள். "மழை வரும்போல இருக்கு மாமா", "ஆமா மாப்பிள்ளை, இருட்டிக்கிட்டு வருது" என்பதைத் தாண்டி அவர்கள் பேச்சு போனதில்லை. மற்றதெல்லாம் பாப்பா வழியாகத்தான் போகும், வரும். பாப்பா பாதியைச் சொல்வாள், மீதியை விழுங்குவாள்.

நீலம் ஏன் வேண்டாம்? கலர் பிடிக்கவில்லையோ? ஆனால் மேலே பெயின்ட் அடித்துவிட்டால் நீலமாவது, மஞ்சளாவது? ஒருவேளை மட்டமான சரக்கென்று நினைத்துவிட்டாரோ? அதுதான் என்று பட்டது அவருக்கு. தட்டிப் பார்த்தாரே, மெல்லிசாக ஒலித்திருக்கும். வெளியே சொல்லக் கூச்சம். கண்ணாடிக்காரர் நேரே கிடங்குக்குப் போய் நீலத்திலேயே இன்னும் தடித்ததைக் கேட்டு ஒரு துண்டு வாங்கி வந்தார். மாமனார் தட்டினார், காதை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். வேணாமாம்.

கடைக்கார அம்மா மறுபடி அவரைக் கண்டதும், "வாங்க சார், மாமனார் என்ன சொன்னாரு?" என்றே கேட்டார். நாலு பேருக்கு நடுவில் கேட்டதில் கண்ணாடிக்காரருக்கு வெட்கம் பிடுங்கியது. "இதைவிட உசத்தி என்ன இருக்கு?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு பக்கத்துக்கு இரண்டு போர்டு, நடுவில் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு, இதற்குமேல் போகவேண்டுமென்றால் நீங்கள் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டூடியோதான் கட்டவேண்டும் என்றார் அந்த அம்மா. அதையே வண்டியில் ஏற்றச் சொன்னார் கண்ணாடிக்காரர். இனி யாரிடமும் கேட்பதாக இல்லை. சுவரை எழுப்பிக் காட்டிவிட்டால் மாமனாரே அசந்துபோவார்.

மேஸ்திரி நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் ஓயாது. சட்டத்தை அடித்து, பஞ்சைத் திணித்து, போர்டைத் தூக்கி நிறுத்தி ஸ்குரூ போடும்போதெல்லாம் முனகினார். "என்னா கனம் சார் இது! உள்ள உக்காந்து யாராவது கத்தினாக்கூட வெளிய கேக்காது." கண்ணாடிக்காரர் சோபாப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா மாமா?" என்பதுபோல் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. செய்தித்தாளைத் திருப்பி மடித்துக்கொண்டார்.

சுவர் எழும்பியது. கதவும் மாட்டியாயிற்று. அன்று மாலை மாமனார் சோபாவிலிருந்து எழுந்து வந்து, யார் வழியாகவும் இல்லாமல் நேருக்கு நேராகப் பேசினார்.

"மாப்பிள்ளை, ஒரு உதவி. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். நீங்க ஹால்ல நில்லுங்க. நான் கூப்பிடறது கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க."

கண்ணாடிக்காரருக்குப் புல்லரித்தது. மாமனார் தன்னிடம் உதவி கேட்டுவிட்டார்! சுவருக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஏதோ ஒரு முனகல். அப்புறம் டொக், டொக் என்று லேசாக ஒரு தட்டல். காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால்தான் அதுவும் காதில் விழுந்தது. மறுபடி தட்டல், கொஞ்சம் பலமாக. பிறகு நிசப்தம்.

கதவு திறந்தது. "கேட்டுச்சா மாப்பிள்ளை?"

கண்ணாடிக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் இத்தனை அலைச்சலுக்கும் பிறகு, கொஞ்சம் கேட்டது என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"கேக்கவே இல்ல மாமா! சுத்தமாக் கேக்கல!"

மாமனார் முகம் விழுந்துவிட்டது. அவர் மெல்லத் தலையாட்டினார். "நல்ல போர்டு" என்றார். நடந்து போய்ச் சோபாவில் உட்கார்ந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார். "பாப்பா, இல்லத்துல பேசிட்டேன். இடம் இருக்காம். பழைய வீட்டுல இருக்கற மிச்சச் சாமானை மட்டும் எடுத்துக்கிட்டா போதும்."

பாப்பாவின் கை சாதத்திலேயே நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். அறைக்குள் போனதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவை என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே! கேக்கலன்னு சொன்னேன்."

"என்ன கேக்கல?"

"அவரு தட்டினது கேக்கல. கேட்டுச்சு. ஆனா கேக்கலன்னு சொன்னேன்."

"என்ன உளர்றீங்க?"

தான் என்ன உளறுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வெள்ளை வேண்டும் என்றால் வெள்ளை என்று சொல்லலாம். சுவரே வேண்டாமென்றால் அதையும் சொல்லலாம். உசத்தியாகச் செய்தால் கோபம், இன்னும் உசத்தியாகச் செய்தால் வீட்டைவிட்டே போகிறேன் என்றால் மனுஷன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? முட்டிக்கொண்டாலும் ஒருத்தருக்கும் கேட்காது, அப்படிச் சுவர் கட்டியாகிவிட்டது. அவமானமாக இருந்தது அவருக்கு, அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தது. அந்த மனுஷர் வீட்டில் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. நின்றுகொண்டே டிவி பார்க்க ஒரு துணை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காரில் பழைய வீட்டுக்குப் போனார்கள். "மழை வரும்போல இருக்கு மாமா" என்றார் இவர். "இருட்டிக்கிட்டு வருது" என்றார் அவர். மூன்று மாடி ஏற முடியாதென்று மாமனார் காரிலேயே இருந்துகொண்டார். கண்ணாடிக்காரர் சாவியோடு மேலே போய், ரேடியோ, இரண்டு போர்வை, மாமியாரின் படம் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் தடதடவென்று கேட்டது. அதே அறையில் தைப்பதுபோலவே இருந்தது. சத்தம் நின்றது. வாசலில் பக்கத்து வீட்டு டெய்லர் வந்து நின்றார், கழுத்தில் அளவு டேப்போடு.

"மாப்பிள்ளை சார்தானே? டிரைவர் சார் எப்படி இருக்காரு? இடுப்பு வலி குறைஞ்சுதா?"

"இடுப்பா? அவருக்கு முழங்கால்தானே வலி."

டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொட்டிய வார்த்தையை அள்ள முடியாமல் நின்றார். கண்ணாடிக்காரர் விடவில்லை, போர்வையைக் கீழே போட்டுவிட்டு அவர் கையையே பிடித்துக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு சார்," என்றார் டெய்லர். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. எழுந்துக்க முடியல. கூப்பிடக் குரலும் வரல. சுவத்தைத் தட்டியிருக்காரு. நான் மெஷின்ல இருந்தேன், காதுல விழல. நூல் அறுந்துச்சுன்னு நிறுத்தினேன் பாருங்க, அப்பத்தான் டொக் டொக்னு கேட்டுச்சு. ஆணி அடிக்கறாருன்னு நினைச்சேன். நிறுத்தி நிறுத்தித் தட்டவும்தான் சந்தேகம் வந்து ஓடினேன். எவ்வளவு நேரமாத் தட்டிக்கிட்டு இருந்தாரோ, விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சு." டெய்லர் சுவரைக் கையால் தடவினார். "சுவரா சார் இது, அட்டை. இருமினாக் கேக்கும். கட்டினவனை நான் திட்டாத நாள் இல்ல. அன்னிக்குக் கும்பிட்டேன்."

கண்ணாடிக்காரர் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தட்டிப் பார்த்ததும், காதை வைத்துக் கேட்டதும், நீலம் வேண்டாமென்றதும், திடீரென்று "வரேன்" என்று போன் செய்ததும் ஒவ்வொன்றாக அவர் மண்டையில் ஏறின. உள்ளேயிருந்து கூப்பிட்ட அந்த முனகலும் ஏறியது. என்னவென்று கூப்பிட்டிருப்பார்? மாப்பிள்ளை என்றா, பாப்பா என்றா? அதற்கு இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன பதில் அவருக்கே காதில் விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. டெய்லர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

பெட்டியோடு கீழே இறங்கி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் எதை மறைக்கப் பாடுபட்டாரோ அதை எடுத்து அவர் முன்னால் வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தார். வரும் வழியில், இல்லத்தில் சேருவதை மட்டும் பெயின்ட் வேலை முடிகிறவரை தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினார். பாப்பாவிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவள் அந்த நிமிஷமே அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள்.

மறுநாள் மேஸ்திரி வந்ததும், "எல்லாத்தையும் பிரிங்க" என்றார்.

"என்னா சார் சொல்றீங்க?"

"பஞ்சை உருவுங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை போர்டு, ஒண்ணொண்ணு போதும். இருக்கறதுலயே மெல்லிசு எதுவோ அது."

"சார், தும்மினாக் கேக்கும்."

"கேக்கட்டும்."

"அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

கிடங்கில் கடைக்கார அம்மா வெள்ளையை ஏற்றும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியில மாமனாருக்கு வெள்ளைதான் பிடிச்சுதா?" கண்ணாடிக்காரர், "ஆமாம்மா, அவருக்கு முதல்லயே தெரியும், எனக்குத்தான் தெரியல" என்றார்.

வீட்டில் மாமனாரிடம் கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றார். "மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கனமான போர்டு நமக்குச் சரிவராதாம். மெல்லிசுதான் போட்டிருக்கு. பாப்பா குரல், டிவி, மிக்ஸி, எல்லாச் சத்தமும் உள்ள வரும். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்."

மாமனார் அவரை உற்றுப் பார்த்தார். பஸ்ஸின் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துப் பழகிய பார்வை அது. கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன பண்றது மாப்பிள்ளை," என்றார் மாமனார் கடைசியில். "பொறுத்துக்கறேன்."

பெயின்ட் காய்ந்ததும் கட்டிலைப் போட்டார்கள். மாமனார் உள்ளே படுத்தார். ஆனால் துணிப்பை கட்டியபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. பாப்பா அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். ஹாலில் பாப்பா யாரோ ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவே கேட்டது, டொக், டொக், டொக்.

அவர் பிளேடைப் போட்டது எங்கே என்று அவருக்கே தெரியாது. ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால், பாதி முகம் நுரை. ஹாலில் பாப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவர, கதவடியில் இரண்டு பேரும் மோதிக்கொண்டு ஒன்றாகவே உள்ளே விழுந்தார்கள்.

மாமனார் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கை சுவரிலேயே இருந்தது.

"என்ன மாமா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத் தட்டிப் பாத்தேன்."

"சும்மாவா? என்னப்பா விளையாட்டு இது?" என்று பாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பயந்தே போயிட்டேன்!"

மாமனார் அவளைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்திலிருந்த நுரையைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தால் நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை முதல்முறையாக மறந்து மாப்பிள்ளை அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"கேட்டுச்சா மாப்பிள்ளை?"

"கேட்டுச்சு மாமா. நல்லாக் கேட்டுச்சு. அன்னிக்கும் கேட்டுச்சு, நான்தான் கேக்கலன்னு சொல்லிட்டேன்."

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

"பாப்பா," என்றார் அவளைப் பார்க்காமலே, "அந்தப் பைக்குள்ள என் சட்டையெல்லாம் கசங்குது. எடுத்து அலமாரில வை."